வெயிலில் வளரும் மலை

பூனாகலைத் தோட்டப் பகுதியிலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன், இரு வாரங்களுக்கு முன் பாடம் முடிந்த மணி அடித்த பின்னும் இருக்கையை விட்டு எழாமல் இருந்தான். கேட்பதற்கு ஏதோ வைத்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. அருகிற் சென்றோம்.

"சேர், புயல் நேரத்தில் ஹெலிகொப்டர் வந்து ஆட்களை ஏற்றியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உள்ளே இடம் இருந்தது. வெளியே ஆட்களும் நின்றார்கள். அப்படியிருந்தும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. எங்கள் அப்பாயி அதைப் பார்த்து அழுதார். 'இடம் இருந்தும் ஏற்றாமல் போகிறானே, அவனுக்கும் ஒரு தாய் இருக்கமாட்டாளா?' என்றார். அவர்கள் செய்தது சரியா, சேர்?"

இதற்கு ஒரு சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை. "உன் அப்பாயியின் கண்ணீரும் நியாயமானது. அந்த விமானியின் செய்கையும் நியாயமானதாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. நாளைக்கு அதைக் கரும்பலகையிற் செய்து பார்ப்போம்" என்று கூறி அனுப்பினோம். மறுநாள் வகுப்பிற் செய்த அந்தக் கணக்கையே இவ்வாரம் வாசகர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இது வீண் ஆராய்ச்சியன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை ஊவா மக்கள் மறக்கமாட்டார்கள். 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டின் பாதைகளைத் துண்டித்தபோது, கொத்மலை முதலிய இடங்களில் அகப்பட்டோரை நமது விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் இந்தியாவிலிருந்து வந்தவையும் மீட்டன. பாதை அறுந்த மலையில் வானமே வழி. அந்த வழியில் வருபவன் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அவன் மனம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அன்றைய காற்றும் தீர்மானிக்கின்றது.

காற்று என்பது வெறுமையன்று. அதற்கும் நிறை உண்டு. கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு கன மீற்றர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம். எட்டு மீற்றர் நீளமும் ஆறு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள வகுப்பறை ஒன்று பண்டாரவளையில் இருக்குமாயின், அதனுள் அடைபட்டிருக்கும் காற்று மாத்திரம் ஏறத்தாழ 150 கிலோ நிறுக்கும். இதைக் கேட்டதும் மாணவர்கள் தம் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்கள்!

இந்தக் காற்றை ஐதாக்கும் காரணங்கள் மூன்று. முதலாவது உயரம். மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறையும். இது நம் அடுக்களைக்கும் தெரிந்த செய்தி. நாலாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 100 பாகைவரை காத்திராமல் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டதே என்று இறக்கினால் பருப்பு வேகாது. மலைநாட்டு வீட்டில் அது அடுப்பில் இன்னும் சிறிது நேரம் இருக்கவேண்டும். இரண்டாவது வெப்பம். சூடேறிய காற்று விரியும். விரிந்த காற்றில் அதே கொள்ளளவுக்குள் நிறை குறைவு. மூன்றாவது ஈரம். இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஈரக்காற்றுப் பாரமானது என்றே எண்ணுகிறோம். உண்மை மறுதலையானது. நைதரசன் மூலக்கூற்றின் நிறை 28, ஒட்சிசனின் நிறை 32 என்றால், நீராவி மூலக்கூற்றின் நிறை 18 மாத்திரமே. நீராவி வந்து அமரும் இடத்திலிருந்து அதனினும் பாரமான மூலக்கூறுகள் விலகிக்கொள்கின்றன. ஆதலால் ஈரக்காற்று உலர்ந்த காற்றிலும் இலேசானது.

இனி விமானத்தின் பக்கம் நின்று சிந்திப்போம். விமானத்துக்கு உயரம் என்பது நில அளவையாளர் கல்லில் வெட்டிவைத்த எண் அன்று. சிறகைத் தாங்குவதற்கு எவ்வளவு காற்று இருக்கின்றது என்பதே அதற்கு உயரம். காற்று ஐதாக இருந்தால், "நாம் உயரமான மலையில் நிற்கின்றோம்" என்று விமானம் கருதும். செறிவாக இருந்தால் தாழ்வான இடமென்று கருதும். விமானம் இவ்வாறு கருதும் உயரத்தை, ஆங்கிலத்தில் விமானிகள் 'டென்சிட்டி அல்ட்டிடியூட்' என வழங்குவர். நாம் 'அடர்த்தி உயரம்' என்போம்.

அதைக் கணக்கிட ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அதற்காக உலக நாடுகள் நியம வளிமண்டலம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டுள்ளன. அதில் கடல் மட்டத்து வெப்பநிலை 15 பாகை. அமுக்கம் 1,013 மில்லிபார். இந்த மில்லிபாரையே இன்று ஹெக்டோபஸ்கால் என்றும் கூறுகின்றனர். ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை குறையும். இது ஏட்டில் உள்ள காற்று. நாம் சுவாசிப்பது ஊரில் உள்ள காற்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காண்பதே கணக்கு.

முதலாவது படி, அமுக்க உயரம். அன்று அவ்விடத்தின் அமுக்கம், கடல் மட்ட அளவுக்கு மாற்றிப் பார்க்கையில் 1,013 இலும் குறைவாக இருந்தால், குறையும் ஒவ்வொரு மில்லிபாருக்கும் ஏறக்குறைய 30 அடியை இடத்தின் உயரத்தோடு கூட்டவேண்டும். விமானி இதற்காகத் தாளும் பென்சிலும் தேட வேண்டியதில்லை. உயரமானியின் சிறு சாளரத்தில் 1,013 என்று திருப்பி வைத்தால், முள் காட்டுவதே அமுக்க உயரம்.

இரண்டாவது படி, அந்த உயரத்தில் நியம வெப்பநிலை எவ்வளவு என்று காண்பது. 15 இலிருந்து ஆயிரம் அடிக்கு 2 வீதம் கழிக்கவேண்டும்.

மூன்றாவது படி, அப்போது உள்ள உண்மை வெப்பநிலையிலிருந்து நியம வெப்பநிலையைக் கழித்து, வரும் மீதியை 120 ஆற் பெருக்கி, அமுக்க உயரத்தோடு கூட்டுவது. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு.

பண்டாரவளையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ 4,000 அடி. அமுக்கம் நியம அளவிலேயே இருப்பதாகக் கொள்வோம். நாலாயிரம் அடியில் நியம வெப்பநிலை 15 இல் 8 போக 7 பாகை. விடியற்காலையில் வெப்பமானி 15 பாகை காட்டுகிறது என்போம். வேற்றுமை 8. அதை 120 ஆற் பெருக்க 960. ஆகவே விடியற்காலையில் அடர்த்தி உயரம் 4,960 அடி. அதே நாள் உச்சிப்பொழுதில் வெப்பமானி 28 பாகை காட்டுகிறது என்போம். வேற்றுமை 21. அதை 120 ஆற் பெருக்க 2,520. அடர்த்தி உயரம் 6,520 அடி!

நம் நாட்டு ரயில் நிலையங்களுள் மிக உயர்ந்தது பட்டிப்பொல. அதன் உயரம் 6,226 அடி. பண்டாரவளையில் நிற்கும் விமானம், ஓர் அடிகூட நகராமலே, உச்சிவேளையில் பட்டிப்பொலையையும் தாண்டி மேலே போய்விட்டது. காலைக் கொழுந்து நிறுப்பதற்கு முன் இருந்த மலை, பகலுணவு வேளைக்குள் 1,560 அடி வளர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த மலையே விமானியின் கவலை. ஈரத்தை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாளில் அது மேலும் சில நூறு அடியைக் கூட்டிவிடும்.

உயரம் கூடினால் என்ன நேரும்? 6,500 அடிக் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்து நியமக் காற்றில் நூற்றுக்கு 82 பங்கு மாத்திரமே. சிறிய விமானமொன்றில் இதனால் மூன்று உறுப்புகள் ஒருசேரத் தளர்கின்றன. எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றுக் குறைவதால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைகின்றது. காற்றை அமுக்கி ஊட்டும் பொறி இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு வலுவை இழக்கும். முன்னாலுள்ள விசிறி பற்றிப் பின்தள்ளுவதற்குக் காற்றுப் போதாது. சிறகுகளும் அதே பாரத்தைத் தூக்க மேலும் வேகமாக ஓடவேண்டும். வேகம் பத்தில் ஒரு பங்கு கூடவேண்டியிருந்தால், ஓடுபாதையில் ஓடும் தூரம் அதனால் மாத்திரமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேற் கூடும். தளர்ந்த எஞ்சினோடு ஓடுவதால் அத்தூரம் இன்னும் நீளும். எழுந்த பின்னும் மேலேறுவது மந்தமாக இருக்கும். எதிரே மலை நின்றால் அதைத் தாண்டுவோமா என்பது ஐயம்.

இதில் ஏமாற்றும் தன்மை ஒன்று உண்டு. வேகமானியின் முள், கடற்கரையில் எழுந்தபோது காட்டிய அதே எண்ணைத்தான் இங்கும் காட்டும். ஏனெனில் அதுவும் காற்று வந்து மோதும் விசையைக் கொண்டே வேகத்தைச் சொல்கின்றது. முள் பொய் சொல்லவில்லை. ஆனால் தரைமீது விமானம் அதனிலும் விரைவாக ஓடுகின்றது. பழகிய எண்ணைக் கண்டு, பழகிய இடத்தில் எழுந்துவிடலாம் என்று நம்புபவன் ஏமாந்துபோகிறான்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2012 ஜூன் 30 ஆந் திகதி நிகழ்ந்தது இதற்குச் சான்று. நால்வர் ஏறிய பழைய ஸ்டின்சன் விமானம் ஒன்று, ஏறத்தாழ 6,370 அடி உயரத்திலுள்ள ஒரு மலைப் புல்வெளியிலிருந்து வெப்பமான பகலிற் புறப்பட்டது. அன்றைய அடர்த்தி உயரம் 9,000 அடிக்கு மேல். நெடுந்தூரம் ஓடிய பின் அது எழுந்தது. ஆனால் ஏற முடியவில்லை. மரங்களின் தலைக்கு மேலே சிறிது நேரம் தத்தளித்துச் சென்று மரங்களிடையே வீழ்ந்தது. நால்வரும் உயிர்தப்பியது நற்பேறு. விமானத்துள் இருந்த ஒளிப்படக்கருவி யாவற்றையும் பதிவுசெய்திருந்தமையால், இன்று உலகெங்கும் விமானம் பயில்வோர்க்கு அது ஒரு பாடமாகிவிட்டது.

பெரிய விமானங்களுக்கும் இவ்விதி பொதுவானது. 2017 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 பாகையை எட்டியபோது, சிறிய ஜெட் விமானங்களின் பயணங்கள் சுமார் 40 இரத்துச்செய்யப்பட்டன. இந்தியாவின் லடாக்கிலுள்ள லே விமான நிலையம் 10,600 அடிக்கு மேல் உயரமானது. 1948 மே 24 ஆந் திகதி மெஹர்சிங் என்னும் தீரமிக்க விமானி, தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு, அங்கு அவசரமாக அமைத்த மண்பாதையில் டக்கோட்டா விமானத்தை முதன்முதல் இறக்கினார். அன்று அது வீரச்செயல். இன்று அங்கு விமானங்கள் வருவது பெரும்பாலும் காலை வேளையில். 2024 ஜூலை மாதத்தில் லேயிலும் வெப்பம் 30 பாகையைத் தாண்டியபோது, விமானங்கள் பல புறப்படாமல் நின்றன. நம் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். அவ்வுயரத்தில் நியம வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே 6 பாகை. 30 பாகையில் அடர்த்தி உயரம் 15,000 அடியை எட்டுகின்றது. நம் பிதுருதலாகலையின் மேல் இன்னொரு பிதுருதலாகலையை ஏற்றிவைத்ததற்குச் சற்றே குறைவு! மெஹர்சிங்கின் தீரம் போற்றற்குரியது. புறப்படாமல் நின்றவர்களின் நிதானமும் அதே அளவு போற்றற்குரியது என்பது நம் கருத்து.

ஆகவே அறிவுள்ள விமானி மலையிற் செய்வது யாது? குளிர்ந்த காலையிலேயே புறப்படுகிறான். காற்றை எதிர்நோக்கி ஓடுகிறான். ஓடுபாதையின் பாதியை அடையுமுன் எழவேண்டிய வேகத்தில் நூற்றுக்கு 70 பங்கு வராவிடில், நாணாமல் நிறுத்திவிடுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரத்தைக் குறைக்கிறான்.

இப்பொழுது நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். ஹெலிகொப்டரின் தலைமேற் சுழலும் விசிறியே அதன் சிறகு. ஓடி வேகமெடுத்து எழும் விமானத்தைப் போலன்றி, நின்ற இடத்திலேயே அந்தரத்தில் நிற்பதற்கு அது மிகுந்த வலுவைச் செலவிடவேண்டும். தரையை ஒட்டி நிற்கும்போது கீழே தள்ளிய காற்று மெத்தைபோற் சிறிது தாங்கும். சரிவான மலையிலிருந்து பள்ளத்தாக்கின் மேலே நகர்ந்தவுடன் அந்த மெத்தை இல்லாமற்போகும். அவ்வேளையில் கையிருப்பாகச் சிறிது வலு இருந்தால் ஏறும், இல்லையேல் இறங்கிவிடும். எங்கே இறங்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

இருக்கைகளை எண்ணியவர் விமானத்தைச் செய்த தொழிற்சாலைக்காரர். அன்று எத்தனை பேரை ஏற்றலாம் என்று எண்ணுவது காற்று. கடற்கரையில் இருக்கைகள் நிறைய ஏற்றிச் செல்லும் அதே ஹெலிகொப்டர், மலையில் உச்சிவேளையில் அரைவாசியோடும் புறப்பட நேரலாம். எரிபொருளும் ஒரு பாரமே. 100 லீற்றர் விமான எரிபொருள் ஏறத்தாழ 80 கிலோ. வளர்ந்த மனிதர் ஒருவரின் நிறைக்கு அதிகம். ஆகையால் சில வேளைகளில் எரிபொருளைக் குறைத்து ஆளைக் கூட்டிப் பல நடை செல்வர். வெறுமையாகத் தோன்றிய அந்த இருக்கை உண்மையில் வெறுமையன்று. ஏறியவர்கள் உயிரோடு போய்ச் சேர்வதும், நின்றவர்களை அழைத்துச் செல்ல அதே இயந்திரம் திரும்பி வருவதும் அந்த இருக்கையில்தான் அமர்ந்திருக்கின்றன.

ஆயினும் அப்பாயியின் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு எஞ்சியிருக்கிறது. அது நம்போன்ற படித்தவர்கள்மீது சாரும். கணக்கைத் தெரிந்தவர்கள், கணக்கினால் காத்திருக்க வேண்டியவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. "இடமில்லை" என்று சொல்லாமல், "இப்பொழுது பாரம் தாங்காது, மறுநடை வருவோம்" என்று அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஒருவர் இருந்திருந்தால், காத்திருந்தவர் மனம் இவ்வளவு வெந்திராது. மலைநாட்டுப் பாடசாலைகளில் மண்சரிவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம். இதையும் சொல்லிக்கொடுத்தல் நன்று. அத்தகைய நாள் வராதிருக்கட்டும். வந்தால், நோயாளரையும் முதியோரையும் குழந்தைகளையும் பொழுது புலருமுன்னரே ஆயத்தமாக வைத்திருப்போம். ஏனெனில் குளிர்ந்த காலையில் ஓரிருவர் கூடுதலாக ஏறமுடியும். மூட்டைகளை விட்டுவிடுவோம். நிறையைக் கேட்டால் கூச்சமின்றி உண்மையைச் சொல்வோம்.

இவ்வளவையும் வகுப்பிற் கூறி முடித்தோம். அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவன் நம்மைத் தேடி வந்தான். கணக்கைத் தன் அப்பாயிக்குச் சொன்னானாம். 120 ஆற் பெருக்குவது அவருக்கு விளங்கவில்லையாம். ஆனால் நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்தவரல்லவா? சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "கூடை கொள்ளும், தலை கொள்ளுமா?" என்றாராம்.

நாம் ஒரு மணிநேரம் கரும்பலகையில் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மாணவ வாசகர்களுக்கு ஒரு பயிற்சி. பதுளையின் உயரம் ஏறத்தாழ 2,200 அடி. அமுக்கம் நியம அளவில் இருக்க, பகல் வெப்பநிலை 32 பாகையானால் அங்கு அடர்த்தி உயரம் என்ன? விடை 4,770 அடியை அண்மியதாக வந்தால் உங்கள் கணக்குச் சரி. விமானத்தின் கண்ணுக்குப் பதுளைப் பட்டினம், பண்டாரவளையின் நிலமட்டத்தையும் விஞ்சி நிற்கிறது என்பதைக் கண்டு வியப்பீர்கள்.